மலை தெரிகிற தூரம்

மகனே,

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ எடுத்திருப்பாய். முதல் மணி முழுதாக அடித்து முடிவதற்குள் எடுத்திருப்பாய். வேலையிடத்துக் கூட்டத்தில் இருந்தாலும், பல் விளக்கிக்கொண்டு நின்றாலும், ஓடுகிற ரயிலில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு போனாலும் எடுத்து, "சொல்லுங்கோ அம்மா, என்ன நடந்தது?" என்று மூச்சு வாங்கக் கேட்டிருப்பாய். ஒன்றும் நடக்கவில்லை, சந்தையில் முருங்கைக்காய் மலிந்து கிடக்கிறது என்று சொல்லத்தான் கோல் எடுத்தேன் என்றாலும், உன் மூச்சு ஆறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் மணி அடிக்காது. தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். எனக்கு விசா தர ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற பிள்ளையின் கழுத்தில் மாலை விழுவதை உள்ளங்கை அகலத் திரையில் பார்க்கவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. அதற்கு அழுது முடித்துவிட்டேன். இப்போது என் நெஞ்சில் கிடப்பது வேறு. போன கிழமை தர்ஷினி என்னோடு தனியாகக் கதைத்தாள். "மாமி, இவர் குளிக்கப் போனாலும் போனைக் கொண்டு போறார். காப்புறுதி விக்கிறவன் ஒருத்தன் கோல் எடுத்தவன், அரை மணித்தியாலம் கேட்டுக்கொண்டு நிண்டவர். கட் பண்ணுங்கோ எண்டன். முகம் வெளிறிப் போச்சு மாமி. மணவறையிலயும் போன் வேட்டி மடிப்புக்குள்ள இருக்குமாம், சத்தத்தையும் குறைக்க மாட்டாராம். ஏன் மாமி?" என்றாள். நம் வீட்டுக்கு வருகிறவள், அவளுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். கோபிக்காதே. அவளும் அழுதாள்.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். சாம்பல்தீவில் நம் வீட்டுக் குசினி யன்னலில், அடுப்புக்கு நேரே, கம்பியில் ஒரு பை கட்டி, அதற்குள் போனைப் போட்டு வைத்திருந்தோம். வீட்டில் அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காக எடுக்கும். அப்பாவும் அவரோடு தொழிலுக்குப் போகிற காசிம் மாமாவும் கடலால் திரும்பி வரும்போது, கோணேசர் கோயில் மலை கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிற தூரத்தில் அவர்களுடைய போனும் உயிர் பெறும். உடனே அப்பா ஒரு மிஸ் கோல் அடிப்பார். நாங்கள் எடுக்கக்கூடாது. மூன்று தரம் மணி அடிக்க விட்டு, கட் பண்ணவேண்டும். அவர் அடித்தால் "வாறன்" என்று அர்த்தம். நாங்கள் கட் பண்ணினால் "ஓம், கேட்டது" என்று அர்த்தம். இரண்டு பக்கமும் காசு போகாது. கட் பண்ணுகிற வேலை உன்னுடையது. சின்ன வயதில் அதற்காக அடம்பிடிப்பாய், கதிரையில் ஏறி நின்று கட் பண்ணிவிட்டு "அம்மா, சோறு!" என்று கத்துவாய். நான் அரிசியை உலையில் போடுவேன். நான் கஞ்சி வடிக்கவும் படகு மணலில் ஏறவும் சரியாக இருக்கும். கடற்கரையில் எங்களைப் போல எத்தனையோ வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. பிள்ளைக்கு முதலில் பேச்சுப் பழக்குவார்கள், பிறகு கட் பண்ணப் பழக்குவார்கள் என்று அப்பா பகிடி விடுவார்.

அப்பாவுக்கு என்னுடைய படிப்பு எப்போதும் பகிடிதான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவளைக் கடலுக்குப் போகிறவர் கட்டினால் வேறு எப்படி இருக்கும்? நீ பத்தாம் வகுப்பில் அலைகள் பாடம் விளங்கவில்லை என்று புத்தகத்தை மூடி வைத்த அன்று, உன்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரைவலையின் மிதவை ஒன்று, அலை உடைகிற இடத்துக்கு அப்பால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "பார், எத்தனை அலை அதைக் கடந்து போகுது, அது இருந்த இடத்திலதானே நிக்குது. அலையில் தண்ணீர் பயணம் போறதில்லை. தண்ணீர் ஏறி இறங்கிப் பக்கத்துத் தண்ணீருக்குச் சக்தியைக் குடுத்திட்டு நிண்ட இடத்திலேயே நிக்குது" என்றேன். பின்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே கேட்டார்: "அப்ப கரைக்கு வாற குப்பையெல்லாம் ஆர் கொண்டு வாறது, டீச்சர்?" எனக்குச் சிரிப்பும் கோபமும் வந்தன. ஆழக் கடலில்தான் அலை தண்ணீரைச் சுமக்காது, கரைக்குக் கிட்ட ஆழம் குறைய அதற்குக் கால் தடக்கும், தடக்கி உடைந்தால் தண்ணீரே புரண்டு ஓடி வரும், அது போதாததற்குக் காற்றும் நீரோட்டமும் இருக்கின்றன என்று விளக்கினேன். "இதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அன்றைக்கே அவர் இன்னொன்றும் கேட்டார். "மலை மறைஞ்ச பிறகும் ரேடியோவில அக்கரை இந்தியாவின்ர பாட்டு கேக்குது. போன் ஏன் செத்துப் போகுது?" நல்ல கேள்வி. கடலலைக்குத் தண்ணீர் வேண்டும், சத்தத்துக்குக் காற்று வேண்டும், இந்த மின்காந்த அலைக்கு ஒன்றுமே வேண்டாம், வெறுமையிலும் ஓடும் என்று மணலில் ஒரு நீளக் கோடு இழுத்துக் காட்டினேன். ஒரு முனையில் ரேடியோ அலை, பிறகு நுண்ணலை, அடுப்புச் சூடாக நம் தோலில் படுகிற அகச்சிவப்பு, பிறகு கண்ணுக்குத் தெரிகிற ஒளி, அதைத் தாண்டி வெயிலில் தோலைக் கருக்குகிற புறஊதா, ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிற எக்ஸ் கதிர், கடைசியில் காமாக் கதிர். எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், வெறுமையில் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு எவ்வளவு தூரம் என்பதில்தான் வித்தியாசம். அந்தத் தூரம் குறையக் குறைய, ஒரு நொடியில் அடிக்கிற அடி கூடும். அந்த நீளக் கோட்டில் நாங்கள் கண்ணால் காண்பது விரற்கடையளவு. அக்கரைப் பாட்டைக் கொண்டு வருகிற அலை நீளமானது, ஒரு முகட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டத்தை வைக்கலாம். அது பூமியின் வளைவோடு வளைந்து, மலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். போன் அலை ஏறக்குறைய ஒரு சாண். அது ஒளியின் குணம் கொண்டது, நேராகத்தான் போகும். கரையில் நிற்கிற போன் கோபுரத்துக்கும் படகுக்கும் நடுவில் கடலின் முதுகு வந்துவிட்டால் அவ்வளவுதான், உப்புத் தண்ணீர் அதற்குச் சுவர். "அப்ப மலை தெரிஞ்சால் போன் எடுக்கும் எண்டு நான் சொல்லுறது சரிதானே?" என்றார் அப்பா. ஓம், சரிதான் என்றேன். "நான் படிக்காமலே பாஸ்" என்று உன் முதுகில் தட்டினார். அந்த நாளை நான் அலுமாரிக்குள் வைக்கிற சேலை மாதிரி மடித்து வைத்திருக்கிறேன்.

இனி நீ வாசிக்க விரும்பாத இடம் வருகிறது. வாசி மகன், நான் பக்கத்தில் இருக்கிறேன்.

அந்த வருடம் வாடைக் காற்று முந்திவிட்டது. மற்றவர்கள் படகுகளை மேலே ஏற்றிவிட்டார்கள். அப்பா இன்னும் ஒரு தரம் போய்விட்டு வருகிறேன் என்று போனார். பகல் சமையல் நேரத்தில் மணி அடித்தது. நீ கணக்குக் கொப்பியோடு இருந்தாய், எழும்பிப் போய் மூன்று மணி அடிக்க விட்டுக் கட் பண்ணினாய். "அம்மா, சோறு!" நான் அரிசியைப் போட்டேன். சோறு வெந்தது, வடித்தேன், ஆறியது. பின்னேரம் பக்கத்து ஊர் இறக்கக்கண்டிப் படகு ஒன்று, எண்ணெய்க் கானைப் பிடித்துக்கொண்டு மிதந்த காசிம் மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்ற படகைக் காற்று கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்து, அலை உடைகிற பாறைத் திட்டில் குறுக்காகப் போட்டுக் கவிழ்த்திருக்கிறது. ஆழக் கடலில் தண்ணீர் நகராது என்று நான் படிப்பித்தேன் அல்லவா? நகருகிற இடத்துக்கு வந்ததும் அது அவரைக் கொண்டுபோய்விட்டது. அடுத்த நாள் அவரைக் கரைக்குக் கொண்டுவந்து போட்டதும் அதே தண்ணீர்தான். ஆர் கொண்டு வாறது டீச்சர் என்று கேட்டவர்.

செத்த வீட்டில் காசிம் மாமா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்: "எஞ்சின் நிண்டு போச்சு. அண்ணன் ஆக்களைக் கூப்பிடத்தான் கோல் எடுத்தவர்." நீ தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்றாய். தட்டு விழவில்லை, ஒரு கோப்பைகூட ஆடவில்லை. எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத்தான் பின் வளவுக்குப் போனாய். அன்றிலிருந்து நீ ஒரு அழைப்பைக்கூடக் கட் பண்ணியதில்லை.

ஒரே ஒரு தரம் என்னைக் கேட்டாய். வெளிநாடு போகிற அலுவலாகப் பட்டினத்துக்கு வந்த அன்று, உள்துறைமுகக் கரையில் இருந்து கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது. "அம்மா, நான் எடுத்திருந்தால்?" என்றாய். "சும்மா இரு மகன், உதைக் கதைக்காதை" என்றேன். வகுப்பில் எந்தப் பிள்ளையின் கேள்வியையும் அப்படி நான் அமர்த்தியதில்லை. எனக்குப் பதில் தெரியாமல் இருந்தது, அதுதான் உண்மை. நீ கச்சான் கோதுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டாய்.

தர்ஷினி கதைத்த பிறகு, இந்தக் கேள்வியை மணவறை வரைக்கும் நீ சுமந்துகொண்டு போகக்கூடாது என்று நினைத்தேன். காசிமைக் கூப்பிட்டு, என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போ, மலை தெரியத் தொடங்குகிற இடத்தில் நிறுத்து, போனில் குரல் வருகிறதா என்று பார்க்கவேண்டும் என்றேன். "டீச்சர், உங்களுக்கென்ன விசரோ? வாடை பிறக்கப் போகுது" என்றார். "அதுதான் தம்பி, அதே கடல் வேணும்" என்றேன். நம் கரையில் பெண்கள் மீன்பிடிப் படகில் ஏறுவது வழக்கமில்லை. அப்பாவோடு வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் ஏறாதவள், இந்த வயதில் நாலு பேர் வேடிக்கை பார்க்க, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினேன். வீட்டுப் போன் அதே யன்னலில், பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் காவலில். முதலில் நான் கோல் எடுக்கிற நேரமெல்லாம் எடுத்துக் கதையுங்கோ, பிறகு காசிமின் போனிலிருந்து வருகிற கோலை மட்டும் கட் பண்ணுங்கோ என்று சொல்லியிருந்தேன்.

வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்த பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். காசிம் எஞ்சினை நிறுத்தினார். மகனே, நான் படிப்பித்த அலையை அன்றுதான் கண்டேன். மலை மலையாக வருகிறது, உடையவில்லை, படகை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குகிறது. முகட்டில் ஏறினால் கோணேசர் மலை, கோபுரங்கள், கரைத் தென்னைகள் எல்லாம் தெரியும். இறங்கினால் நாலு பக்கமும் தண்ணீர்ச் சுவர், உலகமே இல்லை. போனில் சிக்னல் கோடுகளும் மலையோடு சேர்ந்து வந்தன, மலையோடு சேர்ந்து போயின. நான் வீட்டுக்குக் கோல் எடுத்துக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கும், பாக்கியம் அக்கா எடுப்பா, "ஹலோ" என்பதில் பாதி வரும், இறங்கிவிடுவோம், அறுந்துவிடும். திரும்பத் திரும்ப அப்படித்தான். சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை எடுத்திருந்தாலும் ஒன்றும் கேட்டிராது என்று எழுதிவிடலாம் என நினைத்தேன். அப்போது ஒரு தரம், ஒரே தரம், கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்தது: "டீச்சர், கேக்குதோ? கெதியா வாங்கோ, நான் அடுப்பில பால் வைச்சிட்டு வந்தனான்!"

உனக்குப் பொய் எழுத எனக்கு ஏலாது. ஒரு தரம் வந்தது. அன்றைக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். வந்திருந்தாலும், மேலே ஏற்றிய படகைத் தள்ளி இறக்கி ஆட்கள் போய்ச் சேருவதற்குள் என்ன நடந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு இருந்த கோபுரம் வேறு, போன் வேறு. என்னுடைய பரிசோதனை எதையும் நிரூபிக்காது என்று என் மாணவர்களே சொல்வார்கள். விஞ்ஞானம் எனக்குக் கொடுத்தது "ஒருவேளை" என்ற சொல் மட்டும்தான். கையில் போனை வைத்துக்கொண்டு நடுக்கடலில் நான் வாய்விட்டு அழுதேன்.

காசிம்தான், "மற்றதையும் பாப்பம் டீச்சர்" என்று தன்னுடைய போனால் வீட்டுக்குக் கோல் எடுத்து என் கையில் தந்தார். மணி அடித்தது. நாங்கள் இறங்கத் தொடங்கினோம், மலை மறைந்துகொண்டிருந்தது. மூன்றாவது மணியோடு நின்றது. பாக்கியம் அக்கா கட் பண்ணிவிட்டா. அதை எப்படிச் சொல்வது? சுற்றிலும் தண்ணீர், கரை என்று ஒன்று இருப்பதற்கே சாட்சி இல்லை. அந்த நேரத்தில், என் குசினியில் ஒருத்தி நிற்கிறாள், அவளுடைய விரல் அசைந்தது என்று எனக்குத் தெரிந்தது. அறுந்து அறுந்து வந்த குரல்கள் எல்லாவற்றையும் விட அதுதான் எனக்குத் தெம்பு தந்தது. அழுகை நின்றுவிட்டது.

நான் காசிமைப் பார்த்தேன். அதுவரை ஒருநாளும் கேட்காததைக் கேட்டேன். "இவன் கட் பண்ணினவுடன அவர் என்ன சொன்னவர்?" காசிம் சொன்னார்: "செத்த வீட்டில இதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல டீச்சர். சாகப் போற மனிசன் சிரிச்சவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பிறகு பொடியனும் வெளிநாடு போயிட்டான், நீங்களும் கேக்கேல்ல. அண்ணன் போனைப் பாத்துச் சிரிச்சவர். 'கட் பண்ணிட்டான். அவன்ர பிழையில்லை காசிம், நான்தானே பழக்கினனான்' எண்டவர். பிறகு இன்னொருக்கா கோல் எடுத்துப் பாத்தவர், சிக்னல் இல்லை. போனைப் பைக்குள்ள போட்டிட்டு, 'சோறு போட்டிடுவாள், வா, வலிப்பம்' எண்டு துடுப்பை எடுத்தவர்."

இவ்வளவுதான் மகனே. உன்னுடைய "ஓம்" அவரிடம் போய்ச் சேர்ந்தது. உதவி போய்ச் சேரவில்லை. அந்தத் துக்கம் எனக்கும் உனக்கும் சாகும் வரை இருக்கும், அதை நான் தேய்த்துக் கழுவ வரவில்லை. ஆனால் கடைசியாக அவருக்குக் கரையிலிருந்து கிடைத்தது நீதான். அவர் பழக்கியதை, அவர் பழக்கியபடியே செய்தாய். அவர் அதைத் தெரிந்துகொண்டு, உன் பெயரில் ஒரு குற்றமும் வைக்காமல் துடுப்பை எடுத்தார். அவர் வைக்காததை நீ ஏன் இத்தனை காலம் சுமக்கிறாய்?

தாலி கட்டுகிற நேரத்தில் உன் இரண்டு கையும் அந்தப் பிள்ளைக்கு வேண்டும். போனைத் தர்ஷினியின் தம்பியிடம் கொடுத்துவிடு. காப்புறுதி விற்கிறவனுக்கு வேண்டாம் என்று சொல்லப் பழகு. உலகத்தில் மணி அடிக்கிறவர்கள் எல்லாரும் கடலில் இல்லை.

இந்தக் கடிதத்தை உனக்குத் தருகிறவள் தர்ஷினிதான். நீ வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு செய்தி போடச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் நான் குசினி யன்னலில் நின்று உனக்குக் கோல் எடுப்பேன். என் அழைப்பு ஒரு சாண் அலையாகக் கோபுரத்துக்குப் போய், பிறகு கண்ணுக்குத் தெரியாத ஒளியாக, கடலடியில் கிடக்கிற கண்ணாடி இழைக்குள் ஓடி உன்னிடம் வரும். அந்த வழியில் மலையும் இல்லை, மறைவும் இல்லை. மணி அடிக்கும், எடுக்கப் பார்ப்பாய். எடுக்காதே. மூன்று மணி அடிக்க விடு.

பிறகு கட் பண்ணு மகன். நான் உலை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அரிசியைப் போடவேண்டும்.

அம்மா